கத்திரி படாத சத்தம்

பாட்டு நடுவில் நின்றது. முடியவில்லை, நின்றது. பிறகு முதலிலிருந்து மறுபடி தொடங்கியது.

"கரண்ட் போன மாதிரி நிக்குது" என்றான் ரேடியோ. "இதைப் போட்டவனுக்கு நடுவுல பசி எடுத்திருக்கணும்."

"நிறுத்து" என்றார் ஆபீசர்.

நிறுத்தினான். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வாய் மூடாது என்பதால் ரேடியோ. ஆபீசர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அந்த அம்மாளுக்கு ஒத்துவரவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. வாசலில் பலகை இல்லை. தேவைப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

மூன்றாவது நாற்காலியில் இருந்தவள் தையல்காரி. தோளில் அளவு டேப்பை மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"நடுவுல கிறீச்னு வருதே, அது எங்க வீட்டுக் கேட்" என்றாள்.

"எல்லாக் கேட்டும் கத்தும், அக்கா. எங்க வீட்டுக் கேட் என் மாமியார் வந்தா மட்டும் கத்தாது. பயம்."

"இது அப்படி இல்ல. கொஞ்சம் இழுக்கும், மூச்சு வாங்கும், அப்புறம் கத்தும். கீழ்க் கீல் வளைஞ்சிருக்கு. தம்பி சைக்கிள்ல மோதி வளைச்சான். நான் எண்ணெய் போட்டதே இல்ல. பக்கத்து வீட்டுல சண்டைக்குக்கூட வந்தாங்க."

"ஏன் போடல?" என்றார் ஆபீசர்.

"அவன் வந்தா எனக்குத் தெரியணும்ல."



அவள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தம்பியைப் பூனை என்று கூப்பிடுவார்கள். அவன் நடந்தால் சத்தம் வராது. ஆனால் ஊரில் உள்ள சத்தமெல்லாம் அவனுக்கு வேண்டும். சட்டைப் பையில் சின்ன டேப் ரிக்கார்டர். அதை அமுக்கிவிட்டால் நிறுத்த மாட்டான். ஒரு சிநேகிதனோடு சேர்ந்து மாடி அறை ஒன்றில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தான். சிநேகிதன் புரோகிராம் எழுதினான். பாட்டு இவன். விளையாட்டு வெளிவந்தபோது அட்டையில் சிநேகிதன் பெயர் மட்டும் இருந்தது. சில நாள் கழித்து, ஒரு மழைக்கால மாலை, பூனை வீட்டைவிட்டு வெளியே போனான். வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

"சிநேகிதன் என்ன சொன்னார்?"

"முந்தின நாளே சண்டை போட்டுட்டான், வெளிநாடு போறேன்னான், காணாமப் போன அன்னைக்கு இந்தப் பக்கம் வரவே இல்லைன்னு எழுதிக் குடுத்தான். அன்னைக்குக் காலையிலதான் தம்பிக்குன்னு ஒரு பச்சைக் குடை வாங்கியிருந்தேன். அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் போனான். வெளிநாடு போறவன் பெட்டியை விட்டுட்டுக் குடையையா எடுத்துட்டுப் போவான்னு போலீஸ்ல கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மழை பெய்யற நாடா இருக்கும்னாங்க. ஆனா நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. குடையையும்தான்."

இப்போது அந்தப் பழைய விளையாட்டைத் திரும்ப வெளியிடுகிறார்கள். அதைக் கொண்டாட நேற்று ஒரு புதிய பாட்டு. போட்டவர் என்று சிநேகிதன் பெயர் இருக்கிறது. இன்றைக்கு அவன் பெரிய கம்பெனி முதலாளி.

"அவனுக்கு ஒரு பாட்டும் வராது. தம்பிதான் எங்கேயோ இருந்து அனுப்பியிருக்கான். இவன் மறைக்கிறான்." அவள் டேப்பைத் தோளிலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள். "அடுத்த மாசம் எங்க வீட்டை இடிக்கிறாங்க. வீட்டுக்காரர் சொல்லிட்டார். என் பொண்ணு தன்கூட வரச் சொல்றா. நான் போயிட்டா, அவன் வந்து நின்னா எங்கே நிப்பான்? அவன் இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

ஆபீசர் ரேடியோவைப் பார்த்தார். "இந்த மாதிரிப் பாட்டு உனக்குத் தெரியும்ல."

"காலேஜ்ல படிச்சதே இதுதான். பாடம் படிக்கல." அவன் நாற்காலியைத் தையல்காரி பக்கம் திருப்பினான். "அக்கா, ரெக்கார்டு பண்ணின பாட்டு கடையில வாங்கின சட்டை மாதிரி. இது அப்படி இல்ல. இது ஒரு பொட்டலம். துணித் துண்டுங்க, எந்தத் துண்டை எங்கே வச்சுத் தைக்கணும்கிற அளவு, ரெண்டும் உள்ளே இருக்கும். நீங்க போடும்போது கம்ப்யூட்டர் உங்க எதிர்ல தைச்சுக் காட்டும். ஒரே ஒரு மேளச் சத்தம், ஒரே ஒரு தந்திச் சத்தம். அதையே ஏத்தி இறக்கி முழுப் பாட்டும் வந்துடும். அந்தத் துண்டுக்குப் பேரு சாம்பிள்."

"ஏன் அவ்வளவு கஷ்டப்படணும்?"

"டிஸ்க்குல இடம் கிடையாது. முழுப் பாட்டையும் பதிஞ்சா விளையாட்டு வெளியே நிக்கும்."

"இந்தக் கேட் ஒரு துண்டு."

"ஆமா. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, அக்கா." ரேடியோவின் குரல் இறங்கியது. "பழைய விளையாட்டுலயே கோட்டைக் கதவு திறக்கும்போது இந்தச் சத்தம் வரும். இந்தப் பாட்டு போடற எங்க ஆளுங்க ஒருத்தன் பொட்டலத்தைப் பிரிச்சு இன்னொருத்தன் துண்டை எடுத்துப்போம். திருட்டு கிடையாது, வழக்கம். யார் வேணாலும் இந்தக் கேட்டை எடுத்திருக்கலாம்."

அவள் முகம் வாடியது.

ஆபீசர் கேட்டார். "சத்தத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வசதி வீட்டுல இருந்ததா?"

"டேப் ரிக்கார்டர் மட்டும்தான். மெஷின், சத்தம் ஏத்துற பெட்டி எல்லாம் அந்த மாடி அறையில. பக்கத்து மனையில அப்ப பள்ளம் தோண்டிக்கிட்டிருந்தாங்க. அந்த மெஷின் சத்தத்தைக்கூடப் பதிவு பண்ணிட்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினான்." அவள் எழுந்தாள். வாசலில் திரும்பினாள். "தம்பி எந்தச் சத்தத்தையும் வெட்ட மாட்டான். மனசு வராது. அந்தச் சிநேகிதன்தான் உட்கார்ந்து ஓரமெல்லாம் வெட்டி டிஸ்க்குல அடைப்பான். தம்பி அவனுக்குக் கத்திரின்னு பேர் வச்சிருந்தான்."

அவள் போன பிறகு ஆபீசர் சொன்னார். "பழைய கேட்டையும் புதுக் கேட்டையும் பக்கத்துல பக்கத்துல வை."

ரேடியோ வைத்தான். திரையில் இரண்டு அலைகள். மேலே இருந்தது விரல்கடை அளவு. இரண்டு முனையும் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தது. கீழே இருந்தது திரையைத் தாண்டிப் போனது.

"இது கத்திரி பட்ட துணி. இது படாதது" என்றான். "விளையாட்டுலேர்ந்து எடுத்தது இல்ல, ஆபீசர். தனியா வேற பதிவு."

"இவ்வளவு நீளமா பாட்டுல கேக்கலையே."

"பாட்டுல ஒரு உத்தரவு இருக்கு. இந்தத் துண்டை நடுவுலேர்ந்து ஆரம்பின்னு. கேட் மட்டும் கேக்கும். முன்னாடி இருக்கறது எப்பவும் வாசிக்காது. ஆனா பொட்டலத்துல உட்கார்ந்திருக்கும்."

"மிச்சத் துணி."

"ஆமா. நேத்து வந்தது. எல்லாரும் கேட்டிருப்பாங்க. யாரும் பிரிச்சிருக்க மாட்டாங்க."

"முதல்லேர்ந்து போடு."

போட்டான். கேட்டார்கள். சில விநாடிகள்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் ரேடியோ ஏதாவது சொல்வான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அக்காவைக் கூப்பிடட்டுமா?"

"இப்ப வேண்டாம்" என்றார் ஆபீசர். போனை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியிடம் பழைய வாக்குமூலங்களைப் பற்றிக் கேட்டார். பதில் வர மதியம் ஆனது.

*

கம்பெனிக் கட்டடம் ஆறு மாடி. கார்கள் நிறுத்தும் இடம் தரைக்கு அடியில். ரேடியோ ஸ்கூட்டரை ஒரு மூலைக்கு ஓட்டிப் போனான். காவலாளி ஓடி வந்தார்.

"அண்ணே, அங்கே வேண்டாம். அது முதலாளி இடம்."

ரேடியோ சுற்றிப் பார்த்தான். அந்த மூலையில் குழாய் கசிந்து தரையெல்லாம் ஈரம். லிஃப்ட் எதிர்க் கோடியில் இருந்தது. அதன் பக்கத்திலேயே பெரிய இடம் காலியாகக் கிடந்தது. "முதலாளிக்கு நடக்கப் பிடிக்குமோ?"

"என்னமோ. இந்தக் கட்டடத்துல அவர் முதல்ல வாங்கினதே இந்த மூலையைத்தான். மேல மாடியெல்லாம் அப்புறம்தான் வாங்கினார்."

"எல்லாரும் வீடு வாங்கிட்டு கார் நிறுத்த இடம் தேடுவாங்க. இவர் இடம் வாங்கிட்டு வீடு தேடியிருக்கார்."

காவலாளி சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை. அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"காலி மனை, அம்மா. பக்கத்துல ஒரு மாடி வீடு இருந்ததாம். முதலாளி அங்கேதான் தொழில் ஆரம்பிச்சாராம். அதையும் இடிச்சாச்சு."

ஆபீசர் லிஃப்ட் வரை நடந்தார். லிஃப்ட் வந்தது. ஏறவில்லை. மறுபடி போனை எடுத்தார்.

*

கத்திரியின் அறையில் மிச்சம் என்று எதுவும் இல்லை. மேஜைமேல் ஒரு பேனா. சுவரில் அந்த விளையாட்டின் பழைய அட்டை, சட்டத்துக்குள். அவன் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

"பூனையோட அக்கா அனுப்பினாங்களா?" என்றான். "பாவம். நல்லா இருக்காங்களா?"

"தைக்கறாங்க" என்றார் ஆபீசர். "புதுப் பாட்டு நல்லா இருக்கு."

"நன்றி, மேடம். பழைய ரசிகர்கள் விடல. பழைய மெஷின்லயே ஓடற மாதிரி ஒண்ணு வேணும்னாங்க. போன மாசம் உட்கார்ந்து போட்டேன்."

"நீங்களே."

"நானேதான்."

"கேட் சத்தம்?"

"பழைய விளையாட்டுலேர்ந்து எடுத்தேன். என் விளையாட்டு, என் கேட்."

ரேடியோ லேப்டாப்பை மேஜையில் வைத்து இரண்டு அலைகளையும் காட்டினான். "சார், சின்னது உங்க விளையாட்டுல இருக்கறது. பெருசு புதுப் பாட்டுல இருக்கறது. சின்னத் துணியை வெட்டிப் பெரிய துணி எடுக்கற வித்தையைச் சொல்லிக் குடுங்க. வீட்டுல எல்லாருக்கும் சட்டை தைச்சிடுறேன்."

கத்திரி திரையைப் பார்த்தான். பேனாவை நேராக வைத்தான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

பிறகு புன்னகைத்தான். "சரி. மறைச்சு என்ன ஆகப்போகுது? பாட்டு அவன் போட்டது. பழைய டிஸ்க்குல இருந்தது. என் பேரைப் போட்டது தப்பு. நாளைக்கே மாத்திடுறேன். அந்த அம்மாகிட்ட நேர்ல வந்து மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

ரேடியோ ஆபீசரைப் பார்த்தான். இவ்வளவு சுலபமாக வழிவிடுவான் என்று அவன் நினைக்கவில்லை.

"அவங்க சந்தோஷப்படுவாங்க" என்றார் ஆபீசர். "பூனை எப்ப குடுத்தார் இந்த டிஸ்க்கை?"

"சண்டை போட்ட அன்னைக்கு. மேஜையில விட்டெறிஞ்சிட்டுப் போனான்."

"அதாவது, காணாமப் போனதுக்கு முந்தின நாள்."

"ஆமா."

"மறுநாள் வந்தாரா? டிஸ்க்கைத் திருப்பிக் கேட்க?"

"வரல. அதுக்கப்புறம் நான் அவனைப் பார்க்கவே இல்ல. அப்பவே போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"அந்த டிஸ்க்கை வேற யாராவது எடுத்து ஏதாவது சேர்த்திருக்கலாம்."

"வாய்ப்பே இல்ல, மேடம். அன்னைக்கே அலமாரியில வச்சுப் பூட்டினேன். சாவி என்கிட்ட. போன மாசம்தான் திறந்தேன்."

"அப்படியா" என்றார் ஆபீசர். "ரேடியோ, மிச்சத் துணியைப் போடு."

முதலில் இரைச்சல். எங்கோ தூரத்தில் இடி. பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல், மூச்சு வாங்க, ஓடி வந்தது போல.

"டேய், குடையை வச்சிட்டுப் போறியே. காலையிலதான் வாங்கிட்டு வந்தேன். முதல் நாளே தொலைச்சிட்டு வந்து நிக்காதே."

ஆண் குரல் சிரித்தது. மிக அருகில், சட்டைப் பைக்கு மேலேயே. "பச்சைக் குடையை யாருக்கா திருடுவா? சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

கேட் இழுத்தது. மூச்சு வாங்கியது. கத்தியது.

ரேடியோ நிறுத்தினான்.

"குடை அவர் காணாமப் போன அன்னைக்குக் காலையில வாங்கினது" என்றார் ஆபீசர். "அக்கா அப்பவே சொல்லியிருக்காங்க. போலீஸ் எழுதி வச்சிருக்கு. இன்னைக்கு மதியம் சரிபார்த்துட்டேன். முந்தின நாள் நீங்க பூட்டி வச்ச டிஸ்க்குல மறுநாள் சாயங்காலம் எப்படி வந்து உட்கார்ந்தது?"

கத்திரி திரையில் இருந்த நீள அலையையே பார்த்தான்.

"டேப்புல இருந்த சத்தத்தை டிஸ்க்குல ஏத்தற பெட்டி உங்க மாடி அறையிலதான் இருந்தது. அவர் வந்திருக்கார். உட்கார்ந்து கேட் சத்தத்தை ஏத்தியிருக்கார். பாட்டுல தைச்சிருக்கார். பாதியில நின்னிருக்கு."

"நான் அதைத் தனியா கேட்டதே இல்ல" என்றான் கத்திரி. தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான். "பாட்டை மட்டும்தான் கேட்டேன். உள்ளே இருந்த அவன் பேரையெல்லாம் அழிச்சேன்."

"அந்தக் காலமா இருந்தா முதல் வேலையா வெட்டியிருப்பீங்க. இப்ப இடத்துக்குப் பஞ்சமில்ல. கத்திரிக்கு வேலையில்லாமப் போச்சு."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் நிமிர்ந்தான். அந்தப் பெயரால் அவனை யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

"அட்டையில பேர் போடச் சொன்னான். போட முடியாதுன்னேன்." அதோடு நிறுத்திக்கொண்டான். "வக்கீலைக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க. ஒரே ஒரு சந்தேகம். லிஃப்ட் பக்கத்துலயே நல்ல இடம் காலியா கிடக்கு. காரை ஏன் அந்த ஈர மூலையில நிறுத்தறீங்க?"

அவன் கை பேனாவைத் தேடியது. அது உருண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"நான் கூப்பிட வேண்டியவங்களைக் கீழேயிருந்தே கூப்பிட்டாச்சு" என்றார் ஆபீசர்.

*

தரையை உடைக்க ஒரு நாள் ஆனது. அடுத்த நாள் மாலை இருவரும் தையல்காரியின் வீட்டுக்குப் போனார்கள்.

கேட்டை ரேடியோ திறந்தான். அது இழுத்து, மூச்சு வாங்கி, கத்தியது. உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது. அவள் வாசலுக்கு வந்துவிட்டாள், கையில் துணியோடு. வந்தது யார் என்று பார்த்த பிறகுதான் கால் மெதுவானது. எத்தனை ஆயிரம் முறை இப்படி எழுந்து வந்திருப்பாள் என்று ரேடியோ நினைத்தான்.

அவள் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். நாற்காலிமேல் இருந்த துணிகளை எடுத்து இடம் செய்தாள்.

"பாட்டுல இருந்ததை முழுசா எடுத்திருக்கோம்" என்றார் ஆபீசர். "கேக்கறீங்களா? வேண்டாம்னாலும் சரி."

"போடுங்க."

ரேடியோ போட்டான். தன் குரல் வந்தபோது அவள் அது யார் என்பது போலப் பார்த்தாள். தம்பி குரல் வந்ததும் சிரித்துவிட்டாள். அவளை அறியாமல் வந்த சிரிப்பு. கேட் கத்தி முடிந்தது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் மாறியது.

"இது அன்னைக்கு" என்றாள்.

"ஆமா."

"அப்ப இப்ப அனுப்பினது இல்ல."

"இல்ல."

"எங்கே இருந்தான்?"

ஆபீசர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மாடி அறை, பக்கத்து மனையின் பள்ளம், அதன்மேல் எழுந்த கட்டடம், ஈர மூலை. கூடவே கிடைத்த டேப் ரிக்கார்டர், ஒரு குடைக் கம்பி. அவள் மடியில் இருந்த துணியின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள்.

"நான் நூல் வாங்கப் போறப்பல்லாம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போவேன்" என்றாள்.

மடியில் இருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"வெளிநாடு போகல அவன்."

"போகல."

"என்னை விட்டுட்டுப் போகல."

"இல்ல, அக்கா" என்றான் ரேடியோ. "சாப்பாட்டுக்கு வர்றேன்னுதான் சொல்லியிருக்கார்."

அவள் தலையசைத்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

"இந்தச் சத்தம் உங்ககிட்ட இருக்கும்ல? அழிஞ்சிடாதே?"

"உங்க பொண்ணு போன்லயும் ஏத்திடுறேன். முழுசா. எதையும் வெட்டல."

"கேட்டும் அதுல இருக்கு."

"இருக்கு, அக்கா."

அவள் எழுந்தாள். தையல் மெஷின் பக்கத்தில் இருந்த சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கேட்டின் அருகே குந்தி, வளைந்த கீழ்க் கீலில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். துருவைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி விட்டாள்.

பிறகு எழுந்து கேட்டைத் திறந்தாள். மூடினாள்.

ரேடியோ கூர்ந்து கேட்டான். ஒன்றும் இல்லை.